பேய் இருக்கட்டும், மூச்சுக்கு என்ன வழி?

கேள்வி: நான் எழுதும் திகில் நாவலில், கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் உள்ள வாட்ஜ் பேங்கில் 3,000 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்குள் கதாநாயகன் ஆக்சிஜன் சிலிண்டரோடு இறங்குகிறான். உள்ளே எலும்புக்கூடுகள், சுவரெல்லாம் சிவப்பு ரத்தம், பழிவாங்கக் காத்திருக்கும் மீனவர்களின் ஆவிகள். மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். படித்த நண்பர்கள் பயமே வரவில்லை என்கிறார்கள். இன்னும் இரண்டு பேய்களைச் சேர்க்கட்டுமா? தொடராக வெளியிடுவீர்களா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: இருக்கிற பேய்களுக்கே வேலை இல்லை. சுத்த ஆக்சிஜனோடு பத்து மீட்டர் இறங்கினாலே உங்கள் நாயகனுக்கு வலிப்பு வந்துவிடலாம். முக்குளிப்பவர்கள் சாதாரணமாகக் கொண்டுபோவது அழுத்தி அடைத்த காற்று. அதை வைத்துக்கொண்டும் 3,000 மீட்டருக்குப் போக முடியாது. அங்கே அழுத்தம் இங்குள்ளதைப் போல 300 மடங்கு. தவிர, வாட்ஜ் பேங்க் பெரும்பாலும் 200 மீட்டருக்குள் அடங்கும் மேட்டுக்கடல். குளச்சலில் இருந்துகொண்டு இதைத் துறைமுகத்தில் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

எலும்புக்கூடும் உதவாது. அத்தனை ஆழத்தில் எலும்பு நாளடைவில் கரைந்துவிடும். சுமார் 3,800 மீட்டரில் கிடக்கும் டைட்டானிக்கைச் சுற்றி ஆட்கள் இல்லை, ஜோடி ஜோடியாகச் செருப்புகள்தான் கிடக்கின்றன. பதனிட்ட தோல் அழியவில்லை. உங்கள் எலும்புக்கூடுகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு ஜோடிக்கு ஈடாகாது.

ஆழத்தைக் கூட்டினால் பயம் கூடும் என்று நினைத்துவிட்டீர்கள். கப்பலை மேலே கொண்டுவாருங்கள், 50 மீட்டர் போதும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எல்சா 3 சரக்குக் கப்பல் ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான் கிடக்கிறது. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் நம் கரைக்கும் வந்தன. 2013-ல் நைஜீரியா அருகே ஒரு இழுவைக் கப்பல் கவிழ்ந்து 30 மீட்டரில் கிடந்தது. பிணங்களை எடுக்கப் போன முக்குளிப்பவர் இருட்டில் ஒரு கையைப் பார்த்து, பிணம் என்று பிடித்தார். அந்தக் கை திருப்பிப் பிடித்தது! கப்பலின் சமையல்காரர், மிச்சமிருந்த காற்றில் சுமார் 60 மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். இதில் எங்கே பேய்?

50 மீட்டரில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் தலைக்கேறும், போதை ஏறிய நிலைதான். பார்த்ததை நம்பலாமா என்று நாயகனுக்கே தெரியாது. தண்ணீரில் ஒலி நான்கு மடங்குக்கு மேல் வேகமாக ஓடுவதால், தட்டும் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் பிடிபடாது. கைவிளக்கு அடிக்காவிட்டால் ரத்தம் சிவப்பாகத் தெரியாது, கறுத்த பச்சையாகத் தெரியும். முக்கியமாக, பயந்து ஓடிவர முடியாது. விறுவிறுவென்று மேலே வந்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பி ஆளையே முடக்கிவிடும். அதனால் வழியில் நின்று நின்றுதான் ஏறவேண்டும். கீழே எதையோ பார்த்தாகிவிட்டது. மேலே படகின் அடிப்பாகம் தெரிகிறது. இவனோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆறு மீட்டரில், கடிகாரத்தைப் பார்த்தபடி தொங்குகிறான். காலுக்குக் கீழே இருட்டு. நாவலின் பாதியை நான் இங்கேதான் எழுதுவேன்.

அப்புறம் அந்த மீனவ ஆவிகள். 2017 ஒக்கிப் புயலில் போய், உடல்கூட வந்து சேராத ஆட்களின் வீடுகள் தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள். மீனவரை உயிரோடு கொண்டுவாருங்கள். முழுகிய கப்பலில் மீன் கூடும், வலையும் சிக்கிக் கிழியும். அதனால் அந்த இடம் முதலில் தெரிவது அவருக்குத்தான். கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் அடையாளமாக வைத்து, அதாவது கணியம் பார்த்து, இடத்தை மனதில் வைத்திருப்பவர், எதற்காக ஒரு வெளியாளுக்குக் காட்டிக்கொடுக்கிறார்? உங்கள் மூன்று அத்தியாயங்களில் இந்தக் கேள்வியே இல்லை.

தொடராக வருமா என்றால், இந்த வடிவில் வராது. முதல் அத்தியாயத்தைப் பேய் இல்லாமல் எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன். அட்டைக்கு என்று நீங்கள் வரைந்து அனுப்பிய மண்டையோட்டைத் தனித் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டோம்.