ஹுதா ஸோக்பியும் ரெட் சிண்ட்ரோமும்: கேள்வி பதில்

ரெட் சிண்ட்ரோம் என்பது பெரும்பாலும் சிறுமிகளுக்கு வரும் ஒரு மூளை வளர்ச்சி நோய். அதைப் பற்றியும், அதன் மரபணுவைக் கண்டுபிடித்த ஹுதா ஸோக்பி பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: யார் இவர்?

1954-இல் பெய்ரூட்டில் பிறந்தவர். மருத்துவம் படிக்க ஆரம்பித்த 1975-இல் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஊரை விட்டு வந்து, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மெஹாரி கல்லூரியில் 1979-இல் பட்டம் பெற்றார். அப்புறம் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரி. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

கே: மருத்துவராக இருந்தவர் எதற்காக ஆய்வகத்துக்குப் போனார்?

ரெட் என்ற வியன்னா மருத்துவர் 1966-லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் உலகம் கவனித்தது 1983-இல், ஹாக்பெர்க் என்ற ஸ்வீடன் மருத்துவரும் சகாக்களும் 35 சிறுமிகளைப் பற்றி எழுதியபோதுதான். அதே ஆண்டு ஸோக்பியிடம் ஒரு சிறுமி வந்தாள். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை. பேச்சு போய்விட்டது, கைகளை ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் இன்னொருத்தி. அவளுக்குப் பெருமூளை வாதம் என்று எழுதி வைத்திருந்தார்கள், ஆனால் கை அசைவு அதேதான். மருந்து ஒன்றும் இல்லை, காரணமும் தெரியாது என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆர்தர் போடே என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்து மூலக்கூறு மரபியல் கற்றார்.

கே: நான் எம்.பி.பி.எஸ். மாணவன், மேடம். ஆராய்ச்சிக்குப் போக பிஎச்.டி. கட்டாயமா?

இல்லை தம்பி. ஸோக்பி எம்.டி. மட்டும்தான் (அமெரிக்காவில் அது நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் பட்டம்). ஆனால் ஆய்வக வேலையை அடியிலிருந்து கற்க அவர் சில வருடங்கள் ஒதுக்கினார். அந்தப் பயிற்சிக்குக் குறுக்கு வழி கிடையாது.

கே: ஒரு மரபணுவைக் கண்டுபிடிக்க 16 வருடமா?

அன்றைய முறைக்கு ஒரே குடும்பத்தில் பல நோயாளிகள் வேண்டும். ரெட்டில் பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒரு குழந்தைதான். இது மரபணு நோயே இல்லை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அபூர்வமாகக் கிடைத்த சில குடும்பங்களை வைத்து எக்ஸ் குரோமோசோமின் நுனிவரை வந்து, அங்கிருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1999-இல் அவருடைய ஆய்வகத்தின் ரூதி அமிர், மெக்-பி-2 என்ற மரபணுவில் பிழையைக் கண்டார். அதே பெயருள்ள புரதத்தை உண்டாக்கும் மரபணு அது. இடையே ஸோக்பி சும்மா இருக்கவில்லை. 1993-இல் ஹாரி ஓர் என்பவருடன் சேர்ந்து, தள்ளாட்டம் தரும் ஒரு பரம்பரை மூளை நோயின் மரபணுவையும் பிடித்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, அந்த வெற்றிக்குப் பிறகும் ரெட்டைக் கைவிடாததுதான்.

கே: என் அண்ணன் மகளுக்கு ரெட். "உங்கள் வம்சத்தில் இருந்ததா" என்று அண்ணியைக் கேட்கிறார்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?

முதலில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தப் பிழை அநேகமாகப் புதிதாக உண்டாவது, அதிலும் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில். யாருடைய தவறும் இல்லை. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பூஜ்யம் அல்ல. தாயிடம் பிழை இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, மரபணு ஆலோசகரிடம் பேசட்டும்.

கே: குறைகிற புரதத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் போதாதா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 2004-இல் ஸோக்பியின் ஆய்வகம், இந்தப் புரதம் இரு மடங்கு இருக்கும் சுண்டெலிகளை உருவாக்கியது. அவற்றுக்கும் நோய் வந்தது. மறு வருடமே, இந்த மரபணு இரட்டிப்பாக உள்ள சிறுவர்களை மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆனால் ஒரு செல்லில் ஒன்றுதான் வேலை செய்யும். அதனால் ரெட் சிறுமியின் மூளையில் சில செல்களில் நல்ல எக்ஸ் வேலை செய்யும், மற்றவற்றில் பிழையான எக்ஸ். எல்லாச் செல்லுக்கும் மரபணுவைக் கொடுத்தால் நல்ல செல்களில் அளவு மிஞ்சும். மரபணு சிகிச்சை செய்பவர்களின் பெரிய தலைவலி இது. ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது: 2007-இல் ஸ்காட்லாந்தில் ஏட்ரியன் பேர்ட் குழு, நோய் முற்றிய எலிகளில் மரபணுவை மீட்டபோது அவை தேறின. புரதத்தின் அளவு கூடிய எலிகளில் அதைக் குறைத்து, ஸோக்பி குழு 2015-இல் குணம் காட்டியது. ஸோக்பிக்கும் பேர்டுக்கும் சேர்த்தே 2020-இல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கொடுத்தார்கள்.

கே: இப்போது மருந்து உண்டா?

டிரோஃபினெடைடு என்ற மருந்துக்கு 2023 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. 2 வயதுக்கு மேல் கொடுக்கலாம். அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும், நோயை மாற்றாது. வயிற்றுப்போக்கு அதிகம். மரபணு சிகிச்சை மனிதரிடம் சோதனையில் இருக்கிறது.

கே: சிறப்புப் பள்ளி ஆசிரியை நான். என் வகுப்பில் ஒரு ரெட் சிறுமி. பேச்சும் இல்லை, கையும் வழங்காது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கண்ணைப் பாருங்கள். இந்தச் சிறுமிகள் பலர் கண்ணால்தான் பேசுகிறார்கள். தண்ணீர் டம்ளர் படம் ஒரு பக்கம், பந்து படம் ஒரு பக்கம் பிடித்து, எது வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதும் பதில் வராது. நினைத்ததை உடம்பு செய்ய நேரம் பிடிக்கும். திரும்பத் திரும்பக் கேட்காமல் காத்திருங்கள். எந்தப் படத்தில் பார்வை நிலைக்கிறதோ அதை உடனே கொடுத்துவிடுங்கள், டீச்சர்.