முப்பது வீதம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஐயா, என் தம்பியின் மகன் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து 2005 இல் ஈராக்கில் இருந்தவர். திரும்பி வந்த பின்னரே அவருக்கு முட்டு (ஆஸ்துமா) தொடங்கியது. ஊதிப் பார்க்கும் சோதனையில் 65 வீதம்தான் வருகிறது. தினமும் ஸ்டீரொயிட் பம்பும் அடிக்கிறார். ஆனால் இயலாமை 30 வீதம் என்றே கடிதம் வந்திருக்கிறது. 35 அல்லவா வரவேண்டும்? இரண்டு காரணங்களையும் கூட்டினால் 60 ஆகாதா?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: 35 உம் வராது, 60 உம் ஆகாது, அம்மா. இரண்டுக்கும் 'வீதம்' என்றே பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. சோதனைத் தாளிலுள்ள 65, மூச்சை நிறைய இழுத்துப் பலமாக ஊதும்போது முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று, அதே வயதும் உயரமும் உடைய சுகதேகி ஒருவர் ஊதக்கூடியதில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. கடிதத்திலுள்ள 30, முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரச திணைக்களம் ஆஸ்துமாவுக்கு வகுத்திருக்கும் 10, 30, 60, 100 என்ற நான்கு படிகளில் ஒன்று. ஊதிய அளவு 71 முதல் 80 வரையெனில் 10 ஆம் படி, 56 முதல் 70 வரையெனில் 30, 40 முதல் 55 வரையெனில் 60, அதற்கும் கீழெனில் 100.

ஊதல் நன்றாக இருந்தாலும் மருந்தை வைத்தே படி கிடைக்கும். ஸ்டீரொயிட் போன்ற, அழற்சியைக் குறைக்கும் பம்ப் அடிப்பவருக்கு அதுவே 30 இற்குப் போதுமானது. எனவே உங்கள் மருமகனுக்கு ஒரே படிக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். 60 இற்கு, வருடத்தில் குறைந்தது மூன்று தடவையாவது ஸ்டீரொயிட் குளிசையைத் தவணையாக எடுத்திருக்கவேண்டும், அல்லது முட்டு கூடி மாதம் ஒரு முறையாவது வைத்தியரிடம் போயிருக்கவேண்டும். பம்பிலுள்ள ஸ்டீரொயிட் இந்தக் கணக்கில் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஈராக்கில்தான் இந்நோய் வந்ததென்று அவர் தனியாக நிறுவவேண்டிய சுமையை அமெரிக்காவின் 2022 ஆம் ஆண்டு PACT சட்டம் பெரிதும் குறைத்துவிட்டது. பதிவுகள்தான் முக்கியம். சோதனை நாளில் நெஞ்சு தெளிவாக இருந்துவிட்டால், முன்னர் முட்டு வந்ததற்கு உறுதிப்படுத்தப்பட்ட பதிவு கேட்கப்படும். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிட்டு அலைந்த நமக்கு அதன் அருமை தெரியும். கடந்த ஒரு வருடத்தில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எத்தனை தடவை எழுதிக் கொடுக்கப்பட்டது என்று அவரிடம் கேளுங்கள். மூன்று மருந்துத் துண்டுகள் திகதியோடு கையிலிருந்தால், படியை உயர்த்தும்படி அவர் விண்ணப்பிக்கலாம்.