பெயர் உள்ள பாகம் எங்கே போகும்? வேளாண் இயந்திர இறக்குமதி: கேள்வி பதில்

வேளாண் இயந்திரங்களின் உதிரிபாகங்களுக்கு சுங்கக் குறியீடு பார்த்துக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. இதில் வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் தரும் குறியீடுகள் உலகச் சுங்க அமைப்பு சரக்குகளை வகைப்படுத்தும் எச்எஸ் அட்டவணையின் 2022 பதிப்பில் உள்ள ஆறு இலக்கங்கள். அட்டவணை பிரிவுகளாகவும் அவற்றுக்குள் அத்தியாயங்களாகவும் பிரிந்திருக்கும்; குறியீட்டின் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், முதல் நான்கு இலக்கம் தலைப்பு. எது எங்கே சேரும், சேராது என்று பிரிவு, அத்தியாயங்களின் தொடக்கத்தில் உள்ள குறிப்புகள் சொல்லும். அதற்கு மேல் வரும் இலக்கங்களும் வரி விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும், அதை நான் தொடவில்லை.

கேள்வி: நாங்கள் தருவிக்கும் பெட்டியில் எல்லாமே கதிர் அறுவடை இயந்திரத்தின் பாகங்கள்தான். மொத்தமாக அறுவடை இயந்திரப் பாகங்களுக்கான 8433.90 என்று போட்டுவிடலாமா?

கூடாது. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"இது எந்த இயந்திரத்தில் மாட்டப்படுகிறது?" என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, இயந்திரங்களுக்கான 16-ஆம் பிரிவின் முதல் குறிப்பு இந்தப் பொருளை வெளியே தள்ளியிருக்கிறதா? இரண்டாவது, 84, 85-ஆம் அத்தியாயங்களில் இதற்கென்றே தலைப்பு ஏதாவது உண்டா? இரண்டுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால்தான் பாகம் இயந்திரத்தோடு போகும்.

உங்கள் பெட்டியையே திறந்து பார்ப்போம். போல்ட், நட்டு 7318. ரோலர் சங்கிலி 7315. ரப்பர் வி-பெல்ட் 4010. கதிரை வெட்டும் கத்திப் பல் 8208.40. இந்த நான்கையும் முதல் குறிப்பே வெளியே அனுப்பிவிடுகிறது. பேரிங்குக்கு 8482 என்று சொந்தத் தலைப்பு உண்டு. அதே பேரிங் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் பொருத்தப்பட்டு வந்தால் 8483.20, வெறும் கூடு மட்டும் வந்தால் 8483.30. கடைசியில் மிஞ்சுவது கதிரடிக்கும் உருளை, அதன் அடியில் உள்ள வளைந்த கம்பி வலை, வைக்கோலை உதறித் தள்ளும் தட்டு, சல்லடை ஆகியவைதான். இவற்றுக்கு வேறெங்கும் பெயர் கிடையாது, வேறு இயந்திரத்தில் வேலையும் கிடையாது. 8433.90 இவற்றுக்குத்தான்.

கேள்வி: மண்ணைக் கிளறும் எங்கள் ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸுக்கு 8483.40 என்று சொன்னீர்கள். டிராக்டர் கியர்பாக்ஸுக்கும் அதையே போட்டோம், மறுத்துவிட்டார்கள். கியர்பாக்ஸ் கியர்பாக்ஸ்தானே?

பொருள் ஒன்றுதான். ஆனால் அது குடியிருக்கும் வீடு வேறு. ரோட்டவேட்டர் 8432, அதாவது 16-ஆம் பிரிவு. அங்கே இரண்டாம் குறிப்பின்படி சொந்தத் தலைப்பு உள்ள பாகம் அந்தத் தலைப்புக்கே போகும், அதனால் 8483.40. டிராக்டரோ 8701, வாகனங்களுக்கான 17-ஆம் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவிலும் விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. 8401 முதல் 8479 வரையுள்ள இயந்திரங்கள், 8481 வால்வு, 8482 பேரிங் எல்லாம் அதில் அப்படியே வெளியேறும். ஆனால் 8483-க்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: எஞ்சின் அல்லது மோட்டாரின் உள் அங்கமாக இருந்தால்தான் வெளியேறும். டிராக்டரின் கியர்பாக்ஸ் எஞ்சினின் அங்கம் இல்லையே, அதனால் அது உள்ளேயே தங்கி 8708.40 ஆகிறது. கிளட்ச் 8708.93 ஆவதும் இப்படித்தான். ஆனால் அதே டிராக்டரின் ஹைட்ராலிக் பம்ப் 8413-க்குப் போய்விடும்.

இந்த ஒரு வரி நிபந்தனையைப் படிக்காமல் எழுதிய சுங்கத் தாள்கள் என் மேசையில் இன்றைக்கும் விழுகின்றன. டிராக்டர் பாகம், டிராக்டர் இழுக்கும் கருவியின் பாகம் இரண்டையும் இன்வாய்ஸிலேயே தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: அறுவடைக் கத்தி 8208 என்றால், கலப்பைக் கொழுவும், மண்கட்டியை உடைக்கும் டிஸ்க் ஹாரோவின் வட்டத் தட்டும் அங்கேதானே போக வேண்டும்? அவையும் வெட்டுகின்றனவே.

அவை 8432.90. கலப்பையின் கொழு, மண்ணைப் புரட்டும் பலகை, ஹாரோவின் தட்டு எல்லாம் மண்ணில் இறங்கி வேலை செய்யும் அங்கங்கள். எச்எஸ் விளக்கக் குறிப்புகளும் கலப்பை, ஹாரோ தட்டுகளை 8208-இல் சேர்க்க வேண்டாம் என்றே சொல்கின்றன. புல் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு, வைக்கோல் நறுக்கும் கத்தி, அறுவடைக் கத்திப் பல் ஆகியவை 8208.40.

கேள்வி: சாதாரண ஸ்பிரிங்கை, போல்ட்டைக்கூட தனியாகக் காட்ட வேண்டுமா? அளவெடுத்து எங்கள் இயந்திரத்துக்காகவே செய்தவை அவை.

ஆமாம், காட்ட வேண்டும். உலோகப் பொருட்களுக்கான 15-ஆம் பிரிவின் இரண்டாம் குறிப்பு இவற்றைப் பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள் என்கிறது. உங்களுக்காகவே செய்யப்பட்டது என்பதால் அந்தப் பெயர் மாறாது. இரும்பு ஸ்பிரிங் 7320, போல்ட் 7318.

தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். "ஹாரோ பாகங்கள்" என்று இன்வாய்ஸில் இருந்ததை நம்பி ஒரு சரக்கு முழுவதையும் 8432.90-இல் எழுதினேன். பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் போல்ட்டும் சுருள் ஸ்பிரிங்கும். எல்லாவற்றையும் பிரித்து, எடை போட்டு, திருத்திய தாள் கொடுக்கும்வரை சரக்கு நகரவில்லை. விதைப்புக்கு முன்னால் வந்துசேர வேண்டிய சரக்கு அது. காத்திருந்தவர்கள் பட்ட அவதி எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து பொருளின் படத்தைப் பார்க்காமல் எதற்கும் குறியீடு சொல்வதில்லை.

கேள்வி: டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஒரே மாடல் டீசல் எஞ்சின் வருகிறது. ஒரே குறியீடுதானே?

8408.20 என்பது 87-ஆம் அத்தியாய வாகனங்களை ஓட்டும் வகை டீசல் எஞ்சின்களுக்கானது. டிராக்டர் அந்த அத்தியாயத்தில் இருக்கிறது. அறுவடை இயந்திரம் தானாக ஓடினாலும் 84-ஆம் அத்தியாயம்தான், அதற்கென்று அமைந்த எஞ்சின் 8408.90. ஒரே மாடல் இரண்டுக்கும் பொருந்தும் என்றால், எந்த வகைப் பயனுக்காக வடிவமைக்கப்பட்டது என்று காட்டும் ஆவணத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பிஸ்டன், பிஸ்டன் ரிங், லைனர் மூன்றும் 8409.99. ஆனால் கிராங்க் ஷாஃப்ட் 8483.10, எண்ணெய் வடிகட்டி 8421.23, எரிபொருள் செலுத்தும் பம்ப் 8413.30. "எஞ்சின் பாகங்கள்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள்.

கேள்வி: டிராக்டரின் டயர்?

டயர் மட்டும் என்றால் 4011.70. டிராக்டர் சக்கரத்தில் மாட்டி வந்தால் 8708.70.

கேள்வி: டிராக்டரில் கலப்பையை மாட்டியே அனுப்புகிறார்கள். இரண்டும் ஒரே குறியீடா?

இல்லை. 87-ஆம் அத்தியாயத்தின் இரண்டாம் குறிப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது: டிராக்டரில் மாற்றி மாற்றிப் பொருத்தும் கருவி, மாட்டி வந்தாலும் கூடவே வந்தாலும், தன் சொந்தத் தலைப்பிலேயே இருக்கும். கலப்பை 8432.10. டிராக்டர் எஞ்சின் திறனைப் பொறுத்து 8701.91 முதல் 8701.95 வரை, 18, 37, 75, 130 கிலோவாட் என்பவை எல்லைக் கோடுகள். ஒற்றை அச்சு டிராக்டருக்கும் சங்கிலித் தடத்தில் ஓடும் டிராக்டருக்கும் தனிக் குறியீடுகள் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. ஒரு அறுவடை இயந்திரத்தை முழுதாகக் கழற்றி, எல்லாப் பகுதிகளையும் ஒரே சரக்காகக் கொண்டு வந்தால், அட்டவணையின் பொது விதி 2(அ)-வின்படி அது முழு இயந்திரமாகவே கணக்கு. பாகம் பாகமாகப் பிரித்து எழுதக் கூடாது.

கேள்வி: பால் கறக்கும் இயந்திரத்தின் காம்புக் குவளைக்குள் வரும் ரப்பர் உறை?

வல்கனைஸ் செய்த மென்ரப்பர் உறை மட்டும் தனியாக வந்தால் 4016. உலோகக் குவளையோடு சேர்ந்த முழுத் தொகுதி 8434.90.

கேள்வி: தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு இடங்களில் தலைப்பு இருக்கிறதே?

விதை, தானியம், உலர்ந்த பருப்பு என்றால் 8437.10. முட்டை, பழம், மற்ற விளைபொருள் என்றால் 8433.60. எதைப் பிரிக்கிறது என்று பாருங்கள், போதும்.

கேள்வி: விற்பவர் தன் இன்வாய்ஸில் ஒரு குறியீடு போட்டிருக்கிறார், எங்கள் ஏஜென்ட் வேறொன்று சொல்கிறார். யாரை நம்புவது?

விற்பவரின் குறியீட்டை ஒரு தடயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டுச் சுங்கத்தை அது கட்டுப்படுத்தாது, தவறாகப் போனால் பொறுப்பும் உங்களுடையதுதான். தொடர்ந்து தருவிக்கும் பாகமாக இருந்தால் முன்தீர்ப்பு, அதாவது சரக்கு வரும் முன்பே குறியீடு பற்றிய சுங்கத்தின் முடிவு, கேட்டு விண்ணப்பியுங்கள். 2017 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்தில், மூன்றாம் பிரிவு முழுவதும் இதைப் பற்றியதுதான்.

விண்ணப்பத்தோடு வரைபடம், எதனால் செய்தது, எங்கே மாட்டுவது, என்ன வேலை செய்கிறது என்ற நான்கும் இருக்க வேண்டும். வி-பெல்ட் என்றால் வெளிச் சுற்றளவையும் நீளவாக்கில் வரிப்பள்ளம் உள்ளதா என்பதையும் சேருங்கள். வரிப்பள்ளம் இல்லாத பெல்ட் 60 செ.மீ.க்கு மேல் 180 வரை 4010.32, அதற்கு மேல் 240 வரை 4010.34, அதையும் தாண்டினால் 4010.39. அறுவடை இயந்திரத்தின் நீளமான பெல்ட்டுகளில் பல கடைசி வகையில்தான் விழும். அளவு நாடாவை பெல்ட்டின் வெளிப்பக்கமாகச் சுற்றி எடுங்கள், உள்பக்கமாக எடுத்தால் எல்லையருகே குறியீடே மாறிவிடும்.