சைன் சமன்பாட்டைப் பார்த்தே வீச்சு, காலம், நகர்வு எல்லாம் சொல்வது எப்படி?

சமன்பாட்டை மட்டும் கொடுத்து வீச்சு, காலம், நகர்வு என்று கேட்டால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

ஒய் = −3 சைன் (2எக்ஸ் − 60°) + 5

அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பவை சுலபம். சைன் எப்போதும் −1-க்கும் 1-க்கும் இடையில்தான் ஆடும். 3-ஆல் பெருக்கினால் ஆட்டம் −3 முதல் 3 வரை. 5 கூட்டினால் மொத்த அலையும் மேலே ஏறி, 2-க்கும் 8-க்கும் இடையில் வந்துவிடும். ஆக நடுக்கோடு 5, வீச்சு 3. வீச்சை −3 என்று எழுதிவிடாதீர்கள். அது நடுக்கோட்டிலிருந்து உச்சிக்கு உள்ள தூரம். கழித்தல் குறி சொல்வது வேறு: அலை முதலில் ஏறாமல் இறங்கும்.

அப்புறம் அடைப்புக்குறிக்கு உள்ளே. பள்ளியில் நான் திரும்பத் திரும்ப மதிப்பெண்ணை விட்ட இடம் இது. 60° கண்ணில் பட்டதுமே 'வலப்பக்கம் 60° நகர்வு' என்று எழுதிவிடுவேன். சூத்திரத்தை விட்டுவிட்டு, உள்ளே இருப்பது எப்போது 0 ஆகும், எப்போது 360° ஆகும் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பிழை நின்றது.

சைனின் ஒரு முழுச் சுற்று 0-இல் தொடங்கி 360°-இல் முடியும். 2எக்ஸ் − 60° = 0 என்றால் எக்ஸ் = 30°. சுற்று அங்கே தொடங்குகிறது, எனவே நகர்வு வலப்பக்கம் 30°. 2எக்ஸ் − 60° = 360° என்றால் எக்ஸ் = 210°. சுற்று அங்கே முடிகிறது. இடையில் உள்ள 180° தான் காலம், அதாவது ஒரு முழுச் சுற்றின் நீளம்.

ஏன் 60° இல்லை? எக்ஸ் ஒரு பாகை நகர்ந்தால் உள்ளே இரண்டு பாகை ஓடிவிடுகிறது. அதனால் 60°-ஐ ஈடுகட்ட 30° போதும். 360° சுற்று முடியவும் 180° போதும். எக்ஸுக்கு முன்னால் உள்ள எண் (கெழு) பெரிதாகப் பெரிதாகக் காலம் சுருங்குவதற்கும் இதுவே காரணம். இது மனதில் பதிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

வரையச் சொன்னால் 30° முதல் 210° வரை நான்காகப் பிரியுங்கள்: 30°, 75°, 120°, 165°, 210°. ஒய் மதிப்புகள் முறையே 5, 2, 5, 8, 5. சந்தேகம் வந்தால் 75°-ஐப் போட்டுப் பாருங்கள். உள்ளே 90°, சைன் 1, விடை 2.

ரேடியனில் கேட்டால் 360°-க்குப் பதில் 2பை, மற்றபடி வழி இதுவே.