ஈட்டி கையில் இருக்கும்போது

கர்த்தருக்குள் அன்பான ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அதனால்தான் வேறு யாரிடமும் சொல்லாததை உங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

எனக்கு வயது இருபத்தாறு. சபைப் பாடகர் குழுவில் பாடுகிறேன். இரவில் செல்பேசியில் பார்க்கக் கூடாதவற்றைப் பார்க்கும் பழக்கம் சில வருடங்களாக இருக்கிறது. ‘மனதைத் துதிப்பாடல்களால் நிரப்பு, சோதனைக்கு உள்ளே இடமிருக்காது’ என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அன்றே மற்ற பாடல்கள் அத்தனையையும் அழித்துவிட்டேன். காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை காதில் கிறிஸ்தவப் பாடல்தான். ஆனாலும் விழுகிறேன். சென்ற வாரம் ஒரு காதில் பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட வாய் எழவில்லை.

என் விசுவாசம் பொய்யா? பாடலுக்கு வல்லமை இல்லையா? தனியாக வாய்விட்டுப் பாடிப் பார்க்கலாம் என்றால், நான் குழுவுக்குள் ஒளிந்து பாடுகிறவன். தனியே என் குரல் எனக்கே சகிக்காது.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

‘ஒரு காதில் பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே’ என்ற வரியை எழுத உங்களுக்கு மிகவும் கூசியிருக்கும். ஆனால் அப்படி நடந்தது உங்களுக்கு மட்டும் அல்ல. வேதத்திலேயே இருக்கிறது.

முதலாம் சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில் தாவீது சுரமண்டலம் வாசிக்கிறான். சவுல் ராஜா ஆறுதலடைகிறான், பொல்லாத ஆவி அவனை விட்டு நீங்குகிறது. இசையின் வல்லமையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே ஆமென் சொல்லி முடிந்துவிட்டன. இரண்டு அதிகாரம் தள்ளிப் போங்கள். அதே ராஜா, அதே வாத்தியம், அதே விரல்கள். தினந்தினம் செய்கிறபடியே தாவீது வாசித்துக்கொண்டிருக்கிறான். அந்த வசனம் இப்படி முடிகிறது: ‘சவுலின் கையிலே ஈட்டியிருந்தது.’ அடுத்த வசனத்தில் ஈட்டி பறக்கிறது. வாசிப்பில் பிழை இல்லை, வாசித்தவன் தாவீது. கேட்டுக்கொண்டிருந்தவன் ஈட்டியைக் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கையில் செல்பேசி இருந்தது. பாடல் வந்ததும் அதிலிருந்துதான், மற்றது வந்ததும் அதிலிருந்துதான். ஆகவே என் முதல் பதிலில் இசையே இல்லை. இரவில் அதை வேறு அறையில் வையுங்கள். எழுந்து, விளக்கைப் போட்டு, நடந்து போய் எடுக்க வேண்டியிருக்கட்டும். இதில் ஆவிக்குரியது எதுவும் இல்லையே என்று தோன்றினால் யோசேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். போத்திபாரின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது அவன் நின்று துதிக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

விசுவாசம் பொய்யா என்ற கேள்விக்கு அதிகம் எழுதப்போவதில்லை. ‘எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும்’ என்று எபிரெயர் நிருபம் இயேசுவைப் பற்றிச் சொல்கிறது. சோதனை வருவதே பாவம் என்றால் அந்த வசனத்தை என்ன செய்வது? விழுந்தது வேறு விஷயம், அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பொய்யான விசுவாசம் இருக்கிறவன் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டான்.

பாடலுக்கு வல்லமை இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் கேட்பது வேறு, பாடுவது வேறு. பாடுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. அதை எனக்கு நேர்ந்ததை வைத்தே சொல்கிறேன்.

என் சோதனை கோபம். பல வருடங்களுக்கு முன், நான் மூன்று வாரம் உட்கார்ந்து தயாரித்த ஓர் அறிக்கையை என் மேலதிகாரி தம் பெயரில் கொடுத்துவிட்டார். அதன்பின் இரவெல்லாம் மனதுக்குள் அவரோடு வழக்குதான். அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்பது சொல்வேன். ஒவ்வோர் இரவும் நானே வென்றேன், ஒவ்வொரு காலையும் கண் எரிச்சலோடு எழுந்தேன். ஒருநாள், பாடித்தான் இதை விரட்டுவது என்று முடிவு செய்து, பாத்திரம் கழுவிக்கொண்டே மனப்பாடமான ஒரு ஞானப்பாட்டைத் தொடங்கினேன். நான்காம் சரணத்தில் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வாய் சரணத்தைப் பாடிக்கொண்டிருக்க, உள்ளே அந்த மனிதரைத் திட்டுவதற்கான வாக்கியங்களை அதே தாளத்தில், சீர் பிசகாமல் கட்டிக்கொண்டிருந்தேன்! மூன்று சரணங்கள் எப்போது போயின என்று தெரியவில்லை. கழுவிய டம்ளரையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பழகிய பாட்டு பழகிய தடத்தில் போகும் மாட்டுவண்டி போன்றது. வண்டிக்காரன் தூங்கிவிட்டாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் காதில் நாள் முழுவதும் ஓடுவதும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். பதினாறு மணி நேரம் ஓடுகிற எதையும் மனம் சுவராக்கிவிடும். மின்விசிறிச் சத்தத்தை யார் கேட்கிறார்கள்?

அன்று நான் ராகத்தை விட்டுவிட்டு அந்தச் சரணத்தை வெறுமனே சொன்னேன், சொல் சொல்லாக. ‘மன்னியும்’ என்ற சொல் வந்தது. பாடும்போது அது ஓர் இறக்கம், ஒரு நீட்டல், முடிந்தது. சொல்லும்போது அதைத் தாண்ட முடியவில்லை. வழக்கு அன்றோடு தீர்ந்துவிட்டது என்றால் பொய். ஆனால் அன்று தூங்கினேன்.

இந்தச் சிக்கலை ஆதிச் சபையின் ஆயர்களில் ஒருவரான அகஸ்டின் நேர்மையாக எழுதியிருக்கிறார். தம் வாழ்வைத் தேவனிடம் அறிக்கையிட்டு கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய நூலில், பாடப்படும் சொல்லைவிடப் பாட்டு தம்மை அதிகம் அசைக்கும்போது பாவம் செய்ததாகவே உணர்கிறேன் என்கிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, சங்கீதம் வாசிப்பவரைப் பாட்டைவிடப் பேச்சுக்கு நெருக்கமாக, மிகக் குறைந்த ஏற்ற இறக்கத்தோடு சொல்லவைத்தார் என்பதையும் நினைவுகூர்கிறார். அதுதான் பத்திரமோ என்று யோசிக்கிறார். பிறகு, தாம் மனம் திரும்பிய நாட்களில் சபையின் பாட்டைக் கேட்டு அழுததும் நினைவுக்கு வருகிறது. பாட்டை விலக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கங்களில் அவர் இரண்டு கரைக்கும் அலைகிறார். அந்த அலைச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399இல் இறந்த எவாக்ரியஸ் என்ற துறவி, மனதைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. ஏழாவதைப் பாடகர்கள் நாம் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். நினைக்காதே என்று அவர் சொல்லவில்லை. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒவ்வோர் எண்ணத்துக்கும் வேதத்திலிருந்து பதில் வசனங்களைத் திரட்டிவைத்தார். எண்ணம் வந்ததும் பதில் சொல்ல வேண்டும். வனாந்தரத்தில் ஆண்டவர் செய்ததும் அதுதானே? மூன்று சோதனை, மூன்று பதில், மூன்றும் உபாகமத்திலிருந்து. அவர் தேடிப் புரட்டவில்லை, நாவில் இருந்தது.

எவாக்ரியஸுக்குப் பின் வந்த ஜான் காசியன் என்ற துறவி, எகிப்தின் மூப்பர் ஒருவர் சொன்னதாக இன்னும் எளிய ஒன்றை எழுதிவைத்திருக்கிறார்: எல்லா எண்ணத்துக்கும் ஒரே வசனம். சங்கீதம் 70:1. ‘தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.’ இதற்கு நீங்களே ஒரு மெட்டுப் போடுங்கள், மூன்று ஸ்வரம் போதும். கையில் எடுத்த பிறகல்ல, எடுக்கலாமா என்று மனம் பேரம் பேசத் தொடங்கும்போதே பாடுங்கள். அந்தப் பேரம் எப்போது தொடங்குகிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மற்ற பாடல்களை அழித்ததைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. சில பாடல்கள் உங்களை அந்த இருட்டுக்குக் கூட்டிப்போயிருந்தால் போனது நல்லதே. ஆனால் பெருக்கி ஜோடித்து வெறுமையாக விடப்பட்ட வீட்டுக்கு, போன ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பிவந்த உவமையையும் மறக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பாடுங்கள். கடைசி இராப்போஜனத்தில் ஸ்தோத்திரப்பாட்டுப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனவர்கள், அதே இரவில் ‘விழித்திருங்கள்’ என்று சொல்லப்பட்டும் தூங்கினார்கள். பேதுரு அதற்கு மேலும் போய், ஆண்டவரைத் தெரியாது என்றே மறுதலித்தான். அவர்களை யாரும் பாடகர் குழுவிலிருந்து நீக்கவில்லை. சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ‘ஒருவருக்கொருவர்’ புத்திசொல்லச் சொல்கிறார் பவுல். எனக்கு எழுதியது நல்லது, ஆனால் நான் கண்ணுக்குத் தெரியாத ஆள். முகம் பார்க்கக்கூடிய ஒருவரிடம், நீங்கள் நம்பும் மூத்தவர் ஒருவரிடம், இதைச் சொல்லுங்கள். தூக்கமும் வேலையும் கெடுமளவுக்குப் பழக்கம் இறுகியிருந்தால் மனநல ஆலோசகரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவாகாது.

குரலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிலிப்பி சிறையில் நடுராத்திரியில், அடிபட்ட முதுகோடு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, பவுலும் சீலாவும் பாடினார்கள். காவலில் வைக்கப்பட்டிருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். நன்றாகப் பாடினார்களா என்று எழுதவில்லை.

அன்புடன்.