தேயிலைத் தூளில் கிடக்கும் காம்பை கலர் சோர்ட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஹட்டன் பக்கம் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டிருக்கிறீர்கள். கலர் சோர்ட்டர் என்பது தூளிலிருந்து காம்பைப் பிரித்தெடுக்கும் இயந்திரம். அது பார்ப்பது நிறத்தை. காய்ந்த இலை கறுத்துவிடும். காம்பும் நாரும் செம்பழுப்பாகவே நிற்கும். சரிவான தகட்டில் தூள் மெல்லிய திரையாக வழுக்கி விழும்போது, பலமான வெளிச்சத்தில் கெமரா அதைப் படமெடுக்கிறது. காம்பு தெரிந்தால், அது கீழே போய்ச் சேர்வதற்குள் எதிரேயுள்ள சிறு வால்வு திறந்து, காற்றைச் சட்டென்று ஊதி வேறு பக்கம் தள்ளிவிடும். கூடவே கொஞ்சம் நல்ல இலையும் போய்விடும். அதனால் ஒதுக்கியதை இன்னொரு தடவை ஓட்டுவது நல்லது. கெமராவுக்கு முன்னாலுள்ள கண்ணாடியில் தூசி படிந்தால் கணிப்பு தப்பும். தயவுசெய்து அதை அடிக்கடி துடையுங்கள்.

அப்புறம், ருசியும் மணமும் இதற்குத் தெரியாது. 2 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் கொதிநீரில் 6 நிமிடம் ஊறவைத்துச் சுவைத்துப் பார்ப்பவரின் வேலையை இது செய்யாது.