பால் பல் ஈறுக்குள் போய்விட்டது, பிடுங்கிவிடலாமா?

கேள்வி: என் இரண்டு வயது மகள் தடுக்கி விழுந்ததில் மேல் முன்பல் ஈறுக்குள் போய்விட்டது. பக்கத்து கிளினிக்கில் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது என்று வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பிடுங்கச் சம்மதிக்கும் முன் குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அதற்கென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஓரிரு நாளுக்குள் காட்டிவிட வேண்டும். விழுந்தபோது மயக்கமோ வாந்தியோ இருந்திருந்தால் பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் டாக்டர் இல்லை. என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயதில் இதே பல்லில் இதே அடி பட்டது, அதனால்தான் எழுதுகிறேன். ‘பால் பல்தானே’ என்ற வார்த்தையை அந்த ஒரு வாரத்தில் கேட்ட அளவுக்கு வேறு எதையும் நான் கேட்டதில்லை. இப்போதும் அதைக் கேட்டால் கோபம் வருகிறது.

ஓடி வந்தவன் டீபாய் விளிம்பில் முகம் குப்புற விழுந்தான். வாயெல்லாம் ரத்தம், மேலுதடு நிமிஷத்தில் வீங்கிவிட்டது. முன்பல்லைக் காணோம். மாமியார் சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் தேடுகிறார், கிடைக்கவில்லை. முழுங்கிவிட்டானா, மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டதா என்று எனக்குக் கை நடுங்கியது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தால், கன்றிப்போன ஈறுக்கு நடுவே அரிசி முனை மாதிரி வெள்ளையாக ஒரு துளி தெரிந்தது. பல் எங்கும் போகவில்லை, அப்படியே மேலே ஏறிவிட்டிருந்தது.

முதலில் போன கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “எடுத்துடலாம்மா, பால் பல்தானே” என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. “உள்ளே இருக்கிற நிரந்தரப் பல்லுக்கு ஒன்றும் ஆகாதா சார்?” என்று கேட்டேன். பதில் இல்லை, எப்போது வருகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என் கணவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் பார்த்த குழந்தைகள் பல் மருத்துவர் அவனை நாற்காலியில் உட்காரவைக்கவே இல்லை. எனக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, அவன் தலை அவர் மடியிலும் கால்கள் என் இடுப்பைச் சுற்றியும் இருக்கும்படி படுக்கவைத்துப் பார்த்தார். அழுதான், ஆனால் என் முகம் தெரிந்ததால் திமிறவில்லை. அப்புறம் எக்ஸ்ரே. அடிபட்ட பல் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகத் தெரிவதைக் காட்டி, வேர் நுனி உதட்டுப் பக்கம் போயிருக்கிறது, நிரந்தரப் பல்லின் பக்கம் இல்லை என்றார். நீளமாகத் தெரிந்திருந்தால் உள்பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தமாம்.

இந்த வயதில் தாடை எலும்பு இளசாக இருப்பதால், பல் உடைவதைவிட இடம் மாறுவதுதான் அதிகம். நிரந்தர முன்பல்லோ குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே பால் பல் வேரின் உள்பக்கத்தில் கெட்டிப்படத் தொடங்கிவிடுகிறது. அதனால் அடி பட்டது பால் பல்லில் என்றாலும் பார்க்க வேண்டியது அடுத்து வரப்போகும் பல்லையும் சேர்த்துத்தான். உள்ளே போன பல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும் என்றார். பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பல் எந்தப் பக்கம் போயிருந்தாலும் தானாக இறங்க விடச் சொல்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஆன்டிபயாடிக் எதுவும் எழுதவில்லை. மாமியாருக்கு அது பெரிய குறை. மருந்துநீரில் நனைத்த பஞ்சால் ஒரு வாரம் காலையும் மாலையும் ஈறைத் துடைத்தோம், மிருதுவான பிரஷ்ஷில் பல் தேய்த்தோம், குழைந்த சாதமும் இட்லியும் கொடுத்தோம். சில மாதங்களில் பல் இறங்கிவந்தது.

எல்லாப் பல்லும் இப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. சிலது வராமலே நின்றுவிடும், சிலது சீழ் பிடிக்கும், அப்போது எடுக்கத்தான் வேண்டும். பரிசோதித்துப் பார்த்து எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. “எல்லோராலும் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க முடியுமா” என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இறங்கிய பல் பிறகு சாம்பல் நிறமானது. நிறம் மாறியதற்காக மட்டும் ஒன்றும் செய்ய வேண்டாம், வலி, வீக்கம், ஈறில் கொப்புளம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார் டாக்டர். பார்த்தவர்களோ சொத்தை என்றார்கள், சாக்லேட் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்றார்கள். எல்கேஜி ஆண்டு விழாவில் போட்டோ எடுக்கும்போது “வாயை மூடிட்டுச் சிரிப்பா” என்று அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் வீட்டு போட்டோக்களில்கூட அவன் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்பான். அந்த ஆண்டு விழா போட்டோவைக் காசு கொடுத்து வாங்க மறுத்துவிட்டேன். நாலு வயசுக் குழந்தை எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்ல இவர்கள் யார்?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. விழுந்த அன்று வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். “பிள்ளையைப் பார்க்காம என்ன பண்ணிட்டிருந்தே” என்ற கேள்வி என்னிடம் மட்டும்தான் வந்தது. உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். நடக்கப் பழகும் வயதிலும் ஓடும் வயதிலும்தான் இந்த அடி அதிகம் படுகிறது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் படும். அவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவேளை பல் முழுதாகக் கழன்று கையில் வந்திருந்தால், பால் பல்லைத் திரும்ப அதன் குழியில் வைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பல்லைக் கெடுத்துவிடும். பெரிய பிள்ளைகளின் நிரந்தரப் பல் என்றால் நேர்மாறு: வேரைத் தொடாமல் எடுத்து உடனே குழியில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

என் மகனுக்கு நிரந்தரப் பல் நேராகவே முளைத்தது. நுனியில் மட்டும் மஞ்சளாக ஒரு திட்டு இருக்கிறது. அது அன்றைய அடியின் தழும்பு, அப்படி வரலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நீங்களும் எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்டு வாங்கி, தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஏழெட்டு வயதில் புதுப்பல் வரும்போது டாக்டர் அதைக் கேட்பார்.